சிவப்புக் காரின் மேல் ஒரு பிராது

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த அப்துல் லத்தீபுக்கு எந்த வண்டியின் எந்தக் கோளாறும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். எதிரில் நிற்கிற மனுஷனின் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லத் தெரியாது.

கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே லாரி ஷெட்டில் சேர்ந்து, முப்பது வயதில் சொந்தமாக ஷெட் போட்டவர். டிராக்டரோ, பஸ்ஸோ, பீங்கான் ஜாடி ஏற்றிப் போகிற லாரியோ, பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் குனிந்து நின்றால் போதும், என்ன கோளாறு என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார். கை அப்படி. வாய்தான் அவருக்குச் சத்துரு. நாளைக்குக் காலையில் வண்டி வேண்டும் என்று நல்லூர்க்காரர் கேட்டாலும் "ஆவட்டும்" என்பார், அதே காலையில் தன் வண்டி வேண்டும் என்று வேப்பூர்க்காரர் கேட்டாலும் "ஆவட்டும்" என்பார். மறுநாள் இரண்டு பேரும் ஷெட் வாசலில் நின்று சண்டை போடும்போது இவர் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பார்.

கல்யாணமும் இப்படித்தான். ஒரே வாரத்தில் இரண்டு வீட்டிலிருந்து பெண் கொடுக்கக் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் "ஆவட்டும்" சொல்லிவிட்டார். ஜமாத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித்தான் ஜைத்தூன் பீவி அவருக்கு என்று முடிவாயிற்று. ஜைத்தூன் பீவி அதைக் கடைசிவரைக்கும் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

"நான் உங்களுக்கு வாக்கப்பட்டதே பஞ்சாயத்துலதான். நீங்க என்னமோ கட்டிக்கிட்டேன்னு நெனச்சிக்காதீங்க" என்பாள்.

கேட்டுச் சிரிப்பார். இதனால் ஒருத்தருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. ஊரில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். யார் மனமும் நோகப் பேசாத மனுஷன் என்று பெயர். அந்தப் பெயர் ஒருநாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

அறுபத்தேழாம் வருஷம் சித்திரையில் அந்தச் சிவப்புக் கார் வந்தது. நெய்வேலியில் சுரங்க வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. புதுக்கருக்கு மாறாத கார். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். ஜங்ஷன் ரோட்டில் அது வந்தபோது டீக்கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுந்து நின்றார்கள். "இதுல எங்கய்யா மூட்டை ஏத்தறது?" என்று ஒரு வியாபாரி கவலைப்பட்டார்.

வாங்கியவன் கொளஞ்சிநாதன். ஊருக்குத் தெற்கே பீங்கான் ஃபேக்டரி வைத்திருந்தவரின் ஒரே மகன். அப்பா இல்லை. ஜாடியும் குழாயும் செய்கிற அந்த ஃபேக்டரியை அம்மா பெரியநாயகிதான் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளையில்லாமல், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரை வேண்டிப் பெற்ற பிள்ளை, அதனால்தான் அந்தப் பெயர். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயசு. மெட்ராஸில் படிக்கப் போனவன் படிப்பை விட்டுவிட்டுச் சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்திருந்தான். அடுத்த மாசியில் தானும் அதில் ஓட்டவேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு.

"பாய், இந்த வண்டி இப்ப ஓடறதவிட இன்னும் வேகமா ஓடணும். உங்களால ஆவுமா?" என்று கேட்டான்.

லத்தீப் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தார்கள். வேப்பூர் ரோட்டில் வளைவே இல்லாத இடம் ஒன்று இருந்தது. கிலோமீட்டர் கல் நட்ட பிறகும் பழைய மைல்கல் இரண்டைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் நடுவே சரியாக ஒரு மைல். ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரிடம் நிறுத்து கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, லத்தீப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். முதல் கல் தாண்டும்போது அமுக்க வேண்டும், இரண்டாவது கல் தாண்டும்போது அமுக்க வேண்டும். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஓத வேண்டியதை ஓதிக்கொள்வார். நாற்பத்தெட்டு செகண்டு ஆயிற்று.

அப்புறம் வேலை தொடங்கியது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக்கொண்டுபோய் லேத்துப் பட்டறையில் ஒரு தகட்டுக் கனம் சீவினார், பெட்ரோல் இன்னும் இறுகி வெடிக்கும். சைலன்சரை எடுத்துவிட்டுக் குட்டையாக ஒரு குழாய் வைத்தார். இரண்டு கார்புரேட்டர், இரண்டிலும் பெட்ரோல் வருகிற துவாரத்தைப் பெரிதாக்கினார். ஸ்டெப்னியைக் கழற்றினார்கள், ஜாக்கியை எடுத்தார்கள், கால்மிதியைக்கூட எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேப்பூர் ரோட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. ஆனி மாசக் கடைசியில் நாற்பத்து மூன்று.

லத்தீபுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை மறைத்துப் புண்ணியமில்லை. வாழ்நாள் முழுக்க மூட்டை இழுக்கிற வண்டிகளையே பார்த்த கைக்கு அப்படி ஒரு இன்ஜின் கிடைத்தால் சும்மா இருக்குமா? ஆனால் ஒன்று அவரை அரித்தது. வேகம் ஏறுகிறது, பிரேக் அதே பழைய பிரேக். ஒருமுறை அழுத்தினால் பிடிக்கிறது, இரண்டாம் முறை சூடேறி இழுத்துக்கொண்டு போகிறது, மூன்றாம் முறை பெடல் தரைவரைக்கும் இறங்கிவிடுகிறது. மெட்ராஸுக்கு எழுதிப் பார்த்தார். அந்த வண்டிக்குப் பெரிய பிரேக் இந்த தேசத்திலேயே கிடையாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

அந்த மாசம் ரோட்டில் ஒரு குடியானவர் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருந்தார். கார் அதன்மேல் ஏறி வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, புளியமரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. கொளஞ்சிநாதன் சிரித்தான். லத்தீபுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

"வேணாம் தம்பி, இதோட போதும்னு சொல்லுங்களேன்" என்றாள் ஜைத்தூன் பீவி.

"சொல்லணும்" என்றார். மறுநாள் கொளஞ்சிநாதன் வந்து, "அடுத்து என்ன பண்ணலாம் பாய்?" என்று கேட்டபோது, "வால்வு வழியக் கொஞ்சம் இழைச்சிப் பாப்போம் தம்பி" என்றார். அவன் முகத்தில் அவ்வளவு ஆசை. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் எப்படி மறுக்க முடியும்?

ஆடி முதல் வாரத்தில் பெரியநாயகியம்மாளின் டிரைவர் மாயவன் ஷெட்டுக்கு வந்தான். "அம்மா கூப்புடறாங்க" என்றான்.

பங்களாவில் அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் காரு நம்பர் என்னா பாய்?"

லத்தீப் சொன்னார். அந்த அம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "சரியாப் பாருங்க. தப்பா எழுதிட்டா சாமி வேற எவன் வண்டியயாவது நிறுத்திடப் போறாரு."

அப்போதுதான் லத்தீபுக்கு விஷயம் புரிந்தது. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். திருட்டோ, துரோகமோ, தீராத மனக்குறையோ, கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரியே சாமிக்குத் தாளில் எழுதி, பூசை வைத்து, அதே கோயிலில் காவலாக இருக்கிற முனியப்பரின் வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாசத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ந்தாலும் சரி, மனம் மாறினாலும் சரி, கோயிலுக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கினால் சாமியும் கைவிட்டுவிடுவார்.

"எவ்ளோ வேகம் போனா ஆபத்தில்ல பாய்?"

"நாப்பது மைலுன்னா நல்லதும்மா."

'மேற்படி கார் மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் ஓடாமலிருக்கச் செய்யவேண்டியது' என்று அந்த அம்மாள் எழுதினார். எழுதி முடித்துவிட்டு அழுதார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு பாய். திட்டிப் பாத்தாச்சி, கெஞ்சிப் பாத்தாச்சி. வேற யார்ட்ட போயி நான் சொல்றது?"

லத்தீப் தெருவுக்கு வந்தார். சாமி காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் காதில் விழுந்துவிட்டது. மகனிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தாயின் அழுகையையும் பார்த்தாயிற்று. வாயால் முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. இதுதான் அவர் செய்த தப்பு. ஆனால் அன்றைக்கு அது அவருக்கு நல்ல புத்தி மாதிரிதான் இருந்தது.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், சூடு ஏறாமலிருக்க ஒரு வில்லை வைப்பது உண்டு. வில்லையின் ஓட்டையைச் சின்னதாக்கிவிட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். என்ன மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஓடாது. தகரத்தில் வெட்டி வைத்தால் கொளஞ்சிநாதன் கண்டுபிடித்துவிடுவான், அவனும் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கப் பழகியிருந்தான். பீங்கானில் என்றால் சந்தேகப்பட மாட்டான். பீங்கான் சூட்டைத் தடுக்கும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் சுடுகிற சாமிக்கண்ணுவிடம் போனார். அளவு சொன்னார். "எதுக்கு பாய்?" என்று சாமிக்கண்ணு கேட்டான். "சூடு தடுக்க" என்றார். சுட்டால் மண் சுருங்கும் என்பதற்குத் தக்கபடி சாமிக்கண்ணு பெரிதாகப் பிடித்து, சூளையில் வைத்து, பத்து நாள் கழித்து இரண்டு வெள்ளை வில்லை கொடுத்தான். வெகு சுத்தமான வேலை. லத்தீப் அதை மாட்டினார்.

"நம்ம ஊரு வெயிலுக்குப் பெட்ரோலு கொதிக்குது தம்பி. அதுக்குத்தான்" என்று சொல்லிவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்தாறு செகண்டு ஆயிற்று. சாமியிடம் கேட்ட நாற்பது மைலுக்கு அவரால் கொண்டுவர முடியவில்லை, ஐம்பத்து நாலில் வந்து நின்றது. கொளஞ்சிநாதன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான். மறுபடி ஓட்டினான். அறுபத்தாறு.

அதன்பிறகு இரண்டு மாசம் லத்தீப் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? பையன் தினம் வந்து நிற்பான். "ஹெட்ட இன்னும் சீவலாமா பாய்?" ஆவட்டும். "வால்வு ஸ்பிரிங்கு மாத்தலாமா?" ஆவட்டும். "பக்கத்து சீட்டையும் எடுத்துடலாமா?" ஆவட்டும். வில்லை இருக்கிற தைரியத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேலையைப் பாதியில் விடவோ, ஒப்புக்குச் செய்யவோ அந்தக் கைக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் மனசறிந்து ஒழுங்காகத்தான் செய்தார். இன்ஜினில் பலம் ஏறிக்கொண்டே போயிற்று. வில்லைக்குப் பின்னால் அது அப்படியே அடைபட்டுக் கிடந்தது. அறுபத்தாறு, அறுபத்தைந்து. அதற்குமேல் அசையவில்லை.

கொளஞ்சிநாதன் இளைத்துப்போனான். தன் காரைத் தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். ஷெட்டில் ஒரு டின்மேல் உட்கார்ந்து, அந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருப்பான். லத்தீப் பக்கத்தில் நின்று ஸ்பேனரைத் துடைத்த இடத்திலேயே துடைப்பார். சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் பிடுங்கிப் போடுவான். அதனால் சொல்லவில்லை.

பெரியநாயகியம்மாளுக்கோ தலைகால் புரியவில்லை. சாமி கேட்டுவிட்டார் என்று பொங்கல் வைத்தார், ஃபேக்டரி ஆட்களுக்கெல்லாம் வேட்டி சேலை எடுத்துக் கொடுத்தார். சந்தோஷத்தை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாமல், ஐப்பசி முதல் வாரத்தில் மகனிடமே பிராதுக் கதையைச் சொல்லிவிட்டார்.

அவன் சாமியை நம்புகிறவன் அல்ல. ஆனால் இரண்டு மாசமாகக் காரணம் தெரியாமல் கிடந்தவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பெற்ற தாயே தனக்கு எதிராகப் பிராது கொடுத்திருக்கிறாள் என்பதுதான் அவனை அறுத்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பெட்டி கட்டினான். மெட்ராஸுக்குப் போகிறேன், இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றான்.

சனிக்கிழமை காலையில் பெரியநாயகியம்மாள் மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திரும்புகிற வழியில் காரை ஷெட் வாசலில் நிறுத்தச் சொன்னார். அந்த அம்மாள் ஷெட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"வாபஸ் வாங்கிட்டேன் பாய். நாளைக்கே ஓட்டிப் பாக்கணுங்கறான். பழையபடி ஓடுமில்ல?"

லத்தீப் உள்ளே நின்ற சிவப்புக் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓடலன்னா நான் பொய் சொன்னேன்னு நெனச்சிப்பான் பாய். போயிடுவான். அப்பறம் நான் யாருக்காக இருக்கறது? ஓடும்னு சொல்லுங்க."

இந்த இடத்தில் வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பான். லத்தீப் அந்த முகத்தைப் பார்த்தார். "ஓடும்மா" என்றார்.

அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமிக்கண்ணுவிடம் ஓடினார். வில்லையை அப்படியே எடுத்துவிட்டால், இரண்டு மாசமாக அடைபட்டுக் கிடந்த பலம் மொத்தமும் அந்தப் பழைய பிரேக்கை நம்பி வெளியே வந்துவிடும். ஓட்டை கொஞ்சம் பெரிதாக இரண்டு வில்லை, நாளைக் காலைக்குள் வேண்டும். பழையபடி நாற்பத்து மூன்று செகண்டு ஓடினால் போதும், தாய்க்கும் சமாதானம், பிள்ளைக்கும் சமாதானம்.

"சூளைய மூட்டி வாசலக் கட்டிட்டேனே பாய். இனி ஆற ஒரு வாரம் ஆவும். இப்பப் பிரிச்சா அத்தனையும் வெடிச்சிடும்" என்றான் சாமிக்கண்ணு.

ஷெட்டுக்குத் திரும்பி, வில்லைகளைக் கழற்றி, சாணைக்கல்லில் வைத்து ஓட்டையைப் பெரிதாக்கப் பார்த்தார். முதல் வில்லை இரண்டாக உடைந்தது. கையில் மீந்தது ஒன்று. ஒரு கார்புரேட்டருக்கு மட்டும் வைத்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஒன்றும் ஓடாது, இல்லை எல்லாம் ஓடும். நடுவழி என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

'ஓடும்மா' என்று சொல்லியாகிவிட்டது. வில்லை இல்லாமலேயே மாட்டினார். பொழுது சாயும்வரை பிரேக்கைக் கழற்றிக் கழற்றிச் சரிசெய்தார். அதில் செய்ய என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் மைல்கல்லில் மாயவன் வெள்ளைத் துண்டோடு நின்றான், கார் தாண்டும்போது வீச வேண்டும். இரண்டாவது கல்லில் லத்தீப் கடிகாரத்தோடு நின்றார். பக்கத்து சீட்டுத்தான் இல்லையே. அவருக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் ரோடு திரும்பும், திரும்புகிற இடத்தில் ஒரு மதகு.

துண்டு வீசியதும் அமுக்கினார். இதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. முப்பத்தொன்பது செகண்டு.

கொளஞ்சிநாதன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். அவன் முகத்தை லத்தீப் அப்படிப் பார்த்ததே இல்லை. கீழே இறங்கி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ஓடுது பாய்" என்றான்.

இரண்டாம் தடவை முப்பத்தேழு.

சக்கரத்தின் பக்கத்தில் போய் லத்தீப் கையை வைத்தார், வைக்க முடியவில்லை. கருகிய வாடை வந்தது. "தம்பி, பிரேக்கு ஆறட்டும். ஒரு மணி நேரம் பொறுப்போம்."

"ஒரே ஒரு தடவ பாய். முப்பத்தஞ்சு பாத்துட்டு ஆற வெச்சிடலாம்."

சாவி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. குனிந்து எடுத்திருக்கலாம். ரோட்டின் குறுக்கே படுத்திருக்கலாம். 'முடியாது தம்பி' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது தொண்டைவரை வந்தது என்று பிற்பாடு ஜைத்தூன் பீவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தொண்டைவரை வந்து என்ன பிரயோஜனம்? "பாத்துப் போங்க தம்பி" என்பதுதான் வாயில் வந்தது.

மூன்றாம் தடவை கார் அவரைத் தாண்டும்போது கடிகாரத்தை அமுக்கினார். முப்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தார். வேகம் குறைகிற சத்தம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கார் திருப்பத்தில் திரும்பவே இல்லை. மதகுச் சுவர் இடிந்த சத்தம் வேப்பூர்வரை கேட்டது என்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே கொளஞ்சிநாதன் போய்விட்டான். தலை லத்தீபின் மடியில் இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள், மீந்திருந்த ஒரு வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லத்தீப் பங்களாவுக்குப் போனார். அந்த அம்மாள் பதினாறு நாளாக ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று மாயவன் சொல்லியிருந்தான். லத்தீபைப் பார்த்ததும் அதையேதான் சொன்னார்.

"சாமி கட்டி வெச்சிருந்தாரு பாய். மூணு மாசமா எம்புள்ளயக் காப்பாத்திக் கட்டி வெச்சிருந்தாரு. பாழாப்போன நான்தான் போயி அவுத்து வுட்டேன். பெத்தவளே கொன்னுட்டேன்."

லத்தீப் தரையில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொன்னார். ஒன்றையும் விடவில்லை. வில்லையை எடுத்து முன்னால் வைத்தார். அந்த அம்மாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் பீங்கான் பார்த்த கண் அது.

"இதுவா அவ்ளோ பெரிய காரெ நிறுத்துச்சி?"

"ஆமாம்மா."

"நீங்கதான் வெச்சீங்க."

"ஆமாம்மா."

"நீங்களே எடுத்தீங்க."

"ஆமாம்மா."

அந்த அம்மாள் வில்லையைக் கீழே வைத்தார். பதினாறு நாளில் முதல் தடவையாக அந்த முகம் கொஞ்சம் இளகியது.

"நான் இப்பிடிக் கெடக்கறத உங்களால பாக்க முடியல. அதான? என் பாவத்த எடுத்து உங்க தலைமேல போட்டுக்கப் பாக்கறீங்க."

"இல்லம்மா. நெசமாத்தான் சொல்றேன்."

"உங்கள இந்த ஊருக்கே தெரியும் பாய். யாரு என்னா கேட்டாலும் ஆமாம் போடுவீங்க. இப்ப நான் கேக்கறேன். நான் பிராத வாபஸ் வாங்கனதாலதான எம்புள்ள போனான்?"

"இல்லம்மா" என்றார் லத்தீப். "இல்ல. இல்லவே இல்ல."

"பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மாள். கண்ணீர் வடிந்தது. "வாழ்நாள்ல ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லாதவரு, எனக்காக இல்லன்னு பொய் சொல்றீங்க. எம்மேல உங்களுக்கு எவ்ளோ எரக்கம்."

லத்தீப் சாமிக்கண்ணுவைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினார். அவன் உள்ளதைச் சொன்னான். "சூடு தடுக்கன்னு பாய் கேட்டாரும்மா, செஞ்சி குடுத்தேன்." லத்தீப் அன்றைக்கு அவனிடம் சொன்ன பொய்தான் அங்கே உண்மையாக நின்றது. அந்த அம்மாள் சாமிக்கண்ணுவுக்கும் காபி கொடுத்து அனுப்பினார்.

அதற்கப்புறம் லத்தீப் பதினோரு வருஷம் இருந்தார். வேகமாக ஓடச் செய்யச் சொல்லி எந்த வண்டி வந்தாலும் தொடமாட்டார். வாயால் மறுக்கத் தெரியாமல், உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார், ஜைத்தூன் பீவிதான் வெளியே வந்து சொல்லி அனுப்புவாள். கிராமத்து டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார். கொளஞ்சியப்பர் கோயில் பக்கமாக பஸ் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

ஒவ்வொரு வருஷமும் கொளஞ்சிநாதனின் திதி அன்றைக்கு மத்தியானம் மாயவன் அடுக்குக் கேரியரோடு வருவான். அந்த அம்மாள் மறக்காமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார், படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சது, பாய் தயங்காம சாப்புடலாம் என்று. கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்புவார். பெற்றவள் செய்த பாவத்தைத் தன்மேல் போட்டுக்கொள்ள வந்த ஒரே மனுஷன் அவர்தான், எம்புள்ளைக்கு அடுத்தபடி அவருக்குப் போட்டுட்டுத்தான் நான் சாப்புடுவேன் என்று.

முதல் வருஷம் ஜைத்தூன் பீவி, "திருப்பி அனுப்பிடுங்க. எப்பிடிங்க இத சாப்புடுவீங்க?" என்று கேட்டாள்.

"நான் சாப்புடலன்னா அந்தம்மா சாப்புடாதே" என்றார்.

மாயவன் காலிக் கேரியரைத் திருப்பி எடுத்துப் போகக் காத்துக்கொண்டு நின்றான். லத்தீப் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பதினோரு வருஷமும் அப்படியே சாப்பிட்டார்.